கோட்டுக்கு வெளியே போன பந்து

கோலியர்ஸ் வுட், லண்டன்
ஞாயிறு பின்னேரம், செப்டெம்பர்

அன்புள்ள மகன் ஜதுசனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் இத்தனை வருடமும் உனக்கு எழுதியிருக்கிறேன். இந்த முறை அந்த வரியை எழுதாமல் தாண்டிப் போகிறேன். அம்மாவைப் பற்றி எழுத வேண்டும், அதை நீ கடைசிவரை வாசிக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் மறித்துவிடுகிறாய். வட்ஸ்அப்பில் எழுதினால் பதிலுக்கு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியின் இணைப்பை அனுப்புகிறாய். தாளை மறிக்க முடியாது என்பதால் தாளில் எழுதுகிறேன். அக்கா மாதங்கி இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கடைசி வாங்கில் இருந்து நீ படித்த தமிழ் இதற்குப் போதும். எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதியிருக்கிறேன். விளங்காத சொல்லை அக்காவிடம் கேள். கேட்கும்போது அவளோடு சண்டை பிடிக்காதே.

செவ்வாய்க்கிழமை டொக்டர் சொன்னதை மாதங்கி உனக்குச் சொல்லிவிட்டாள். அவள் சொல்லாததைச் சொல்கிறேன். கணையத்தில் இருந்தது ஈரலுக்கும் போய்விட்டது என்று படத்தைத் திருப்பிக் காட்டினார். இன்னொரு மருந்து இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாம், கூடிப்போனால் சில கிழமைகள் கிடைக்கும், ஆனால் அந்தக் கிழமைகளில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போகும் என்றார். நான் ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "நோ தாங்க் யூ, டொக்டர்" என்றார். அவர் வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகள் அவித்த கோவா இலையை வேண்டாம் என்பார்களே, அதே மரியாதையோடு. பிறகு அந்த டொக்டரின் முகத்தைப் பார்த்து, நீ மத்தியானம் சாப்பிட்டாயா, வெளிறிப்போய் இருக்கிறாய் என்று கேட்டார். அந்தப் பெடியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

வீட்டுக்கு வரும் நேர்ஸ் நேற்று மாடிப்படியில் நின்று என்னிடம் தனியாகப் பேசினார். வரவேண்டியவர்கள் இருந்தால் இப்போதே வரட்டும் என்றார். வரவேண்டியவன் நீ ஒருவன்தான்.

ஆனால் நீ வரவில்லை. அமெரிக்காவில் எங்கோ பரிசோதனையில் இருக்கும் மருந்துக்கு எழுதியிருக்கிறாய், பதில் வந்ததும் அம்மாவை அங்கே கூப்பிடப் போகிறாய், அதுவரை அங்கேயே நின்று அலுவல் பார்க்கப் போகிறாய். மாதங்கி வா என்று கேட்டதற்கு, "நான் வந்து என்ன செய்யிறது? பக்கத்திலை சும்மா இருக்கிறதோ?" என்றாயாம். அவள் அதைச் சொல்லும்போது கோபமாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. அது ஒரு நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு உதாரணம் இல்லாமல் எதையும் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். "உவர் தேத்தண்ணி கேக்கிறதெண்டாலும் ஒரு உதாரணம் சொல்லித்தான் கேப்பார்" என்று அம்மா நேற்றும் நேர்ஸுக்குச் சொல்லிச் சிரித்தார். நேர்ஸுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் கூடச் சிரித்தார்.

நீ பிறப்பதற்கு முன்பு என் அகதி வழக்குக்கு குரோய்டனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவின் வழக்கு முடிந்துவிட்டது. அவர் வரவே தேவையில்லை. அதோடு மாதங்கி கைக்குழந்தை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்து, அந்தப் பெரிய கட்டடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காலையிலிருந்து பொழுதுபடும்வரை இருந்தார். எனக்குப் பதில் எதுவும் சொல்லித் தரவில்லை, தைரியமும் சொல்லவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது என் கோட்டின் கொலரை ஒருமுறை இழுத்து நேராக்கினார். அவ்வளவுதான் செய்தது. அவர் அந்தக் கதிரையில் இல்லாதிருந்தால் நான் எழும்பி வீட்டுக்குப் போயிருப்பேன், தம்பி. சும்மா இருக்கிறது என்று நீ கேட்டாயே, அதற்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

வேறு செய்திகள். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். டிவிக்கு நேரே போடச் சொன்னார், போட்டோம். பெனடிக்ற் மாமாவும் லலிதா அன்ரியும் தாங்கள் அடுத்த வீட்டுக்காரர் என்பதையே மறந்துவிட்டார்கள், சாப்பாட்டுக்கு மட்டும்தான் தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அம்மா கஞ்சி இரண்டு வாய் குடிக்கிறார். அதிலே வறுத்த மிளகாய்த்தூள் போடச் சொல்லிக் கேட்கிறார், நாங்கள் மாட்டோம் என்கிறோம். "பெடியன் புளோறிடாவிலை முட்டைக்கு மேலை போட்டுச் சாப்பிட்டவன், எனக்கு மட்டும் ஏலாதோ?" என்று ஒரே வாக்குவாதம். அங்கே உன்னோடு ஒரே அறையில் இருந்த டொமினிக்கன் பெடியன் அந்தத் தூளுக்கு அடிமையாகி, அம்மா அனுப்பிய பார்சல் வந்த அன்றே உன் போத்தலைத் திருடினானே, அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் இப்போது எங்கே?

நீ எங்கே என்று மட்டும் எனக்குத் தெரியும். உன் சின்ன பேஸ்போல் லீக்கின் முடிவுகளை ஒவ்வொரு காலையும் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வலது பக்க எல்லையில் நின்றாய். முப்பத்திரண்டு வயதிலும் ஓடுகிறாய்.

இப்போது அந்தக் கட்ச்சைப் பற்றி எழுத வேண்டும். வாசிப்பதை நிறுத்திவிடாதே. ஆறு வருடமாக இந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் உன்னோடு கதைத்ததில்லை. நீ கேட்டுக்கொள்ளவில்லை என்றாலும் நாங்கள் அப்படியே நடந்துகொண்டோம்.

திங்கள் காலை

நேற்று அத்தோடு நிறுத்த வேண்டி வந்தது. அம்மாவுக்கு வயிற்று நோ கூடிவிட்டது. நேர்ஸ் வந்து மருந்தைக் கூட்டிவிட்டுப் போனார். இப்போது நித்திரை.

உன்னைப் பெரிய லீக்குக்குக் கூப்பிட்ட செய்தி வந்தபோது அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று சத்தம் போட்டு, தலைமை ஆசிரியை ஓடிவந்தது உனக்குத் தெரியும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்கள் பின்னேரத்தில் வந்தது. முன்னறை நிறைய ஆட்கள். பெனடிக்ற் மாமா பாரிஸில் இருந்த காலத்தில் வாங்கிய பிரெஞ்சு உதைபந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் இருந்த விளையாட்டுச் சட்டை அது ஒன்றுதான். எனக்கும் அவருக்கும் பேஸ்போல் பாதிதான் விளங்கும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: மேலே போகிற பந்தை என் பிள்ளை விடமாட்டான்.

விடமாட்டான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழக்கியதே அவர்தானே. வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல், பூங்காவில் உனக்கு டெனிஸ் பந்தை வானத்துக்கு எறிவார். "விழவிட்டா இண்டைக்குக் கோப்பை முழுக்க நீதான்." நீ கோப்பை கழுவிய நாட்கள் மிகக் குறைவு. பெனடிக்ற் மாமாவோடு வேலை செய்த கியூபாக்காரர் அங்கே ஒருநாள் உன்னைப் பார்த்துவிட்டு, சட்டன் நகருக்கு அப்பால் இருக்கும் பேஸ்போல் மைதானத்துக்குக் கூட்டிப்போனது பிறகு. கிரிக்கெட் மட்டையை விட்டுத் தோல் கையுறை போட்டது அதற்கும் பிறகு.

அன்று கடைசி நேரம். இரண்டு பக்கமும் சமம். எதிராளி ஒருவன் மூன்றாம் பேஸில் நிற்கிறான், நீங்கள் வீடு என்கிற அந்தத் தட்டுக்கு ஓடி வந்தால் அவர்களுக்கு வெற்றி. பந்து உயரே எழும்பி, வலது பக்கக் கோட்டுக்கு வெளியே, சனம் இருக்கும் மதில் பக்கமாகப் போகிறது. நீ ஓடினாய். அப்படி ஓடியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. மதிலுக்கு அருகில் சறுக்கி விழுந்து, கையை நீட்டி, பிடித்துவிட்டாய்.

இங்கே வீடு வெடித்தது. பெனடிக்ற் மாமா "அவுட்! அவுட்!" என்று கத்திக்கொண்டு பாரிஸுக்குத் தமையனாருக்குப் போன் எடுத்தார். லலிதா அன்ரியின் தேத்தண்ணி கம்பளம் முழுவதும். அம்மா சாமிப் படத்தைப் பார்த்தாரா டிவியைப் பார்த்தாரா என்று தெரியாது, இரண்டு கையும் தலைக்கு மேலே. நானும் கைதட்டினேன். மாதங்கி மட்டும் தட்டவில்லை. "இருங்கோ, இருங்கோ, எல்லாரும் ஒருக்கா இருங்கோ" என்றாள். அப்போதுதான் கண்டோம், மற்ற நிறச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து குதிக்கிறார்கள். நீ முழங்காலில் இருந்தபடி எறிந்த பந்து வந்து சேரமுதலே அவன் வீட்டுக்கு ஓடிவிட்டான். ஆட்டம் முடிந்திருந்தது. நாங்கள் கைதட்டியது உங்கள் தோல்விக்கு.

உலகத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த இடத்தில் சந்தோஷப்பட்ட உன்னுடைய ஆட்கள் நாங்கள் மட்டும்தான்.

பிறகு நடந்ததை நீதான் அனுபவித்தாய். அந்தப் படத்துக்குச் சிரிப்புச் சத்தம் போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். உன்னைத் திரும்பக் கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள், அடுத்த வருடம் அணியை விட்டே எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்ச் காரணமில்லை, என் மட்டை ஓடவில்லை என்று நீயே ஒருமுறை எனக்கு விளக்கினாய். நான் நம்புகிறேன். ஆனால் உன் அடியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பிறகு மெக்சிக்கோ, அந்த நீண்ட பஸ் பயணங்கள், பெயர் தெரியாத ஊர்களில் வாடகை அறைகள்.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து நீ போன் எடுத்தாய். அம்மா என் கையிலிருந்து பறித்து, "நல்ல கட்ச் ராசா" என்றார். நீ, "உங்களுக்கு இந்த விளையாட்டு விளங்காதம்மா, விடுங்கோ" என்று வைத்துவிட்டாய். அதன்பிறகு அவரோடு நீ விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. சாப்பிட்டியா, ஓம். குளிரா, ஓம். அவ்வளவுதான் உங்கள் இரண்டு பேரின் கதை.

அம்மாவுக்கு விளங்கியிருந்தது, தம்பி. நீ போன் எடுக்க முன்பே.

ஆட்டம் முடிந்த அன்றே மாதங்கியைப் பிடித்து இருத்தி, என்ன நடந்ததென்று சொல்லு என்றார். அவள் சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் தட்டை வீடு என்று வைத்தாள், சீனிப் போத்தலை மூன்றாம் பேஸில் நிற்கிறவன் என்று வைத்தாள். கிரிக்கெட்டில் பிடித்தால் அந்தப் பந்தின் கதை அதோடு முடிந்தது. இந்த விளையாட்டில் பிடித்த பிறகுதான் மற்றவன் ஓடலாம் என்று போத்தலை நகர்த்திக் காட்டினாள். கோட்டுக்கு உள்ளே வந்த பந்தென்றால் தம்பி பிடிக்கத்தான் வேண்டும், இது வெளியே போன பந்து என்றாள். அம்மா தட்டையும் போத்தலையும் கனநேரம் பார்த்தார்.

"அப்ப, விழவிட்டிருந்தால்?"

"ஒண்டும் இல்லையம்மா. ஓடினவன் நிண்ட இடத்திலைதான். திருப்பி எறிவினம். ஆட்டம் அப்பிடியே இருக்கும்."

பெனடிக்ற் மாமா தலையில் கைவைத்து, "இவ்வளவு படிச்சவன் இதை மறந்திட்டானே" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தேத்தண்ணிக் கறையைத் துடைக்கப் போய்விட்டார். மறக்கவில்லை, எனக்குத் தெரியும். மேலே பந்தைக் கண்டதும் உன் தலை அமெரிக்காவில் நின்றது, கால் இங்கே பூங்காவுக்கு வந்துவிட்டது.

எல்லாம் விளங்கிய பிறகும் ஏன் போனில் நல்ல கட்ச் என்று சொன்னீர் என்று நான் கேட்டேன். "பிழை எண்டு சொல்ல அங்கை ஒரு ஊரே நிக்குது. நல்லம் எண்டு சொல்ல ஒரு ஆள் வேணாமோ?" என்றார். உனக்கு இதைச் சொல்லக் கூடாது என்றும் மறித்தார். "விளங்காமல் சொன்னனான் எண்டு நினைச்சால் கோவிப்பான். விளங்கிச் சொன்னனான் எண்டு தெரிஞ்சால் பாவம் பாக்கிறன் எண்டு நினைப்பான். கோவிக்கட்டும்." ஆறு வருடம் உன் கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது எழுதச் சொன்னதும் அவர்தான். செவ்வாய்க்கிழமை டொக்டரிடமிருந்து திரும்பி வரும்போது, சட்டனைத் தாண்டி அந்த மைதானப் பக்கமாகக் காரை விடச் சொன்னார். அது வழியே இல்லை. மாதங்கி காரைத் திருப்பினாள். மைதானத்தில் ஒருவரும் இல்லை, புல்லில் ஒரு நாய் மட்டும் திரிந்தது. இறங்க அவருக்கு ஏலாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, கோடு எங்கே என்று கேட்டார். மாதங்கி கைநீட்டி வெள்ளைக் கோட்டைக் காட்டினாள்.

"இந்த மருந்தும் கோட்டுக்கு வெளியாலை போற பந்துதான்" என்றார். "ஓடிப் பிடிச்சால் கட்ச் வடிவாய்த்தான் இருக்கும். சனமும் கைதட்டும். ஆனா அதுக்கிடையிலை மற்றப் பக்கத்தாலை எல்லாம் ஓடிப்போயிடும். உங்களோடை இருந்து கதைக்கிற நாள், கஞ்சியின்ரை ருசி, ஆர் ஆர் எண்டு தெரியிற தெளிவு, எல்லாம். உவனுக்கு எழுதுங்கோ. ஓட வேண்டாமாம் எண்டு எழுதுங்கோ. அண்டைக்கே எனக்கு விளங்கினது எண்டும் எழுதுங்கோ."

மாதங்கி ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டாள். "காருக்கு நோகும், எழும்பு" என்றார் அம்மா.

நான் வாழ்நாள் முழுவதும் வாத்தியாராக நின்று பிள்ளைகளுக்கு உதாரணம் சொன்னவன். எந்த உதாரணமும் ஓரிடத்தில் முறியும் என்றும், முறியும் இடத்தை மறைக்கக் கூடாது என்றும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மா சொன்னதும் ஓரிடத்தில் முறிகிறது. உன் விளையாட்டில் விழவிட்ட பந்துக்குப் பிறகு திருப்பி எறிவார்கள். இங்கே எறிய மாட்டார்கள். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் காரில் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகவே கெட்டிக்காரத்தனமான கடிதம் எழுதி உன்னை வெல்ல நான் வரவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியின் பதிலுக்காக நிற்காதே. உன் லீக் முடியும்வரையும் நிற்காதே. முதலாவது பிளேனில் வா. மாதங்கி ஹீத்ரோவில் நிற்பாள், சண்டை பிடிக்க மாட்டேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறோம். லலிதா அன்ரி அதில் இருக்கப் போனால் அம்மா, "அது ஆள் வாற கதிரை" என்று எழுப்பிவிடுகிறார். ஆஸ்பத்திரிக் கடதாசி ஒன்றும் கொண்டு வராதே. வந்து அதில் இரு. அவர் கதைத்தால் கதை, நித்திரை என்றால் பார்த்துக்கொண்டிரு. கொலரை இழுத்து நேராக்கினாலும் போதும்.

அன்று அவர் சொன்னதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை, தம்பி. நல்ல கட்ச் என்று சொன்னவருக்கு ஒரு ஓம் சொல்ல வேண்டும். அது போனில் வேண்டாம்.

எந்த மைதானத்தில் நின்றாலும் உன் கால்களுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். பத்திரமாக வந்து சேர்.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அப்பா

பின்குறிப்பு: அடியில் இடம் விடச் சொன்னார், தன் கையால் உனக்கு எழுதப் போகிறாராம். பேனையைக் கையில் கொடுத்தேன், தலையணையைச் சரிசெய்வதற்குள் நித்திரையாகிவிட்டார். எழும்புவார் என்று பார்த்திருந்தேன். பின்னேரமாகிவிட்டது. மாதங்கி வேலைக்குப் போகமுதல் இதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அதனால் இடத்தை அப்படியே விட்டு அனுப்புகிறேன். என்ன எழுத இருந்தீர்கள் என்று நீ வந்து அவரிடமே கேள்.